ஐஞ்சு இருபத்தைஞ்சு, பழைய நேரம்

எங்கள் அலுவலகம் கிளிநொச்சியில், கண்டி வீதியோரம், ஓர் இரும்புக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது. எட்டுப் பேர் வேலை செய்கிறோம். வேலை தருகிறவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்களுடைய மருத்துவ நிலையங்களில் நோயாளிகள் முன்பதிவு செய்வதற்கான செயலியை நாங்கள் எழுதுகிறோம். அதில் என் தலையில் கட்டப்பட்டது திகதியும் நேரமும். ஒருவரும் விரும்பாத பகுதி அது. புதிதாக வந்தவள்தானே என்று முதல் கிழமையே என்னிடம் தள்ளிவிட்டார்கள். நாலு வருடமாகிவிட்டது, இன்னும் ஒருவரும் திருப்பி வாங்கவில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஒரு வேலையாகவே தெரியாது. "நேரத்தைக் காட்டுறதில என்ன பெரிய வேலை கிடக்கு?" என்று மாமா கேட்பார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்பா இல்லாத எங்கள் வீட்டில் நல்லது கெட்டதுக்கு முன்னுக்கு நிற்பவர். அவருக்கு எத்தனையோ தரம் விளங்கப்படுத்தியிருக்கிறேன். கணினிக்குள் ஒரு கணம் என்பது ஒரே ஓர் எண். உலகம் முழுக்க அதே எண்தான். ஆனால் லண்டனில் இருப்பவருக்கு அது சாமமாகவும், கிளிநொச்சியில் இருப்பவருக்கு விடியக்காலையாகவும் தெரிய வேண்டும். திகதியில் நாளை முதலில் எழுதும் நாடும் உண்டு, மாதத்தை முதலில் எழுதும் நாடும் உண்டு. கோடை வந்தால் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளிவிடும் நாடுகளும் உண்டு. அந்த ஒற்றை எண்ணுக்கு அவரவர் ஊர் உடுப்பை மாட்டிக் காட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இந்த வேலையில் ஒரு சட்டம் இருக்கிறது. ஒரு நேரத்தை இன்னொருவருக்கு அனுப்பினால், அது எந்த ஊர் நேரம் என்பதையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். வெறும் ஒன்பதரை என்று அனுப்பினால் வாங்குகிறவர் தன் ஊர் ஒன்பதரை என்றுதான் எடுப்பார், நோயாளி பூட்டின கதவுக்கு முன்னால் வந்து நிற்பார். ஊர் சொல்லாத நேரத்துக்கு எங்கள் அலுவலகத்தில் மொட்டை நேரம் என்று பெயர். மொட்டைக் கடிதத்திலிருந்து வந்த பெயர். யாராவது மொட்டை நேரத்தை எழுதி அனுப்பினால் நான் கத்துவேன். என்னை வாய்க்காரி என்று சொல்வதற்கு அது ஒரு காரணம், மற்றக் காரணங்களும் உண்டு.

ஊர்களின் நேரங்களை நாங்கள் ஒவ்வொன்றாக எழுதி வைப்பதில்லை. உலகத்துக்குப் பொதுவாக ஒரு கோப்பு இருக்கிறது. எந்த ஊரில் எந்த வருடம் மணிக்கூடு எவ்வளவு முன்னுக்குப் போனது, எப்போது திரும்பி வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். போனில் இருந்து விமான நிலையம் வரைக்கும் எல்லாம் அதைத்தான் கேட்கின்றன. அதிலே இலங்கைக்கு ஒரே ஒரு பெயர், கொழும்பு. கிளிநொச்சியில் இருந்துகொண்டு கொழும்பைத் தெரிவு செய்வது எங்களுக்குப் புதிதில்லை. எந்தப் படிவத்திலும் அப்படித்தான் முடிகிறது. அதனால் அந்தப் பெயரை நான் நெடுநாள் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை.

என் அக்கா பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறாள். என்னை விட இரண்டு வயது மூத்தவள். நான் வாய், அவள் காது. எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவளுக்கு வந்த முதல் இரண்டு கலியாணப் பேச்சும் குறிப்புப் பார்க்கும் கட்டத்துக்குப் போகாமலே முறிந்தன, அதைப் பற்றி அவள் ஒரு சொட்டும் கவலைப்பட்டதில்லை. மூன்றாவது பேச்சு செட்டிகுளத்திலிருந்து வந்தது. மாப்பிள்ளை வவுனியாவில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை. இந்த முறை தரகர் வழமைக்கு மாறாக முதலில் போன் இலக்கத்தைக் கொடுத்துவிட்டார், பிள்ளைகள் கதைத்துப் பார்க்கட்டும், பிறகு மற்றதெல்லாம் என்று.

இரண்டு பேரும் கதைத்தார்கள். பின்னேரம் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, பின்பக்கத்து முருங்கைக்குக் கீழே கதிரையைப் போட்டுக்கொண்டு அக்கா கதைப்பாள். எங்கள் வீட்டில் ஒரு நாளும் சத்தமாகச் சிரிக்காதவள் அங்கே இருந்து சிரிப்பது குசினிக்குள் கேட்கும். அம்மா சட்டியைக் கிண்டாமல் அகப்பையைப் பிடித்தபடி நிற்பார். "அவரோட கதைக்கேக்க நான் யோசிச்சுக் கதைக்கத் தேவையில்லையடி" என்று அக்கா ஒரு நாள் என்னிடம் சொன்னாள். அவள் அப்படி ஒருவரைப் பற்றிச் சொன்னது அதுதான் முதல் தரம். இது முறியக் கூடாது என்று நான் நினைத்தேன். கடவுளிடம் அவ்வளவாக ஒன்றும் கேட்காத நான் கேட்கவும் செய்தேன்.

பிறகு மாப்பிள்ளையின் தாய் குறிப்புக் கேட்டார். எங்கள் ஊரில் சாதகத்தைக் குறிப்பு என்றுதான் சொல்வோம். அக்காவின் குறிப்பு எங்களிடம் இல்லை. அவள் பிறந்தவுடன் அப்பா மல்லாவியில் எழுதுவித்தது, கடைசிச் சண்டையில் உடையார்கட்டில் அப்பாவோடு போய்விட்டது. குறிப்பு இருந்த பையும் போனது, அப்பாவும் போனார். இதை இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை.

ஆனால் அம்மாவுக்குப் பிறந்த நேரம் நன்றாகத் தெரியும். தொண்ணூற்றேழு மார்ச் கடைசி, மல்லாவி ஆசுப்பத்திரி, விடியக்காலை ஐந்து இருபத்தைந்து. பிள்ளையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே மருத்துவிச்சி நேரத்தைச் சொன்னதையும், தான் படுத்தபடி சுவர் மணிக்கூட்டைப் பார்த்ததையும் அம்மா எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். போனில் மாப்பிள்ளையின் தாயிடமும் தெளிவாகவே சொன்னார். "ஐஞ்சு இருபத்தைஞ்சு. பழைய நேரம்."

ஒரு கிழமையில் பதில் வந்தது. அக்காவுக்குச் செவ்வாய் ஏழில் நிற்கிறதாம், மாப்பிள்ளைக்குச் செவ்வாய்க் குற்றம் இல்லையாம், ஆகவே பொருந்தவில்லையாம். மன்னிக்கச் சொன்னார்களாம். தரகர் இதைச் சொல்லிவிட்டு, மறுபடியும் வேறு இடம் பார்ப்போம் என்று ஆறுதல் வேறு சொன்னார்.

அம்மா நம்பவில்லை. "மூத்தவளுக்குச் செவ்வாய் இல்லை. உங்கட அப்பா குறிப்பை வாசிச்சுக் காட்டினவர். மீன லக்கினம், செவ்வாய் ஆறில. எனக்கு மறதி வரேல்ல இன்னும்."

எனக்குச் சாத்திரத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் கணக்கில் இருக்கிறது. லக்கினம் என்பது பிறந்த கணத்தில் கிழக்கில் எழும்புகிற ராசி, கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் மாறும். மீனத்துக்கு முந்தின ராசி கும்பம். கும்ப லக்கினம் என்று எடுத்தால் ஆறில் நின்ற செவ்வாய் ஏழாம் வீட்டுக்கு வந்துவிடும். அப்படியானால் யாரோ அக்காவைக் கொஞ்சம் முந்திப் பிறக்கப் பண்ணியிருக்கிறார்கள். பழைய நேரம் என்று அம்மா சொன்ன சொல் அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. நாலு வருடம் மற்றவர்களின் நேரத்தைத் திருத்திச் சம்பளம் எடுக்கிறவளுக்கு அது ஏற ஒரு கிழமை பிடித்தது.

வெளியூர்க்காரர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். தொண்ணூற்றாறில் கொழும்பு அரசாங்கம் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக நாடு முழுக்க மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது. முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு கொஞ்சம் இறங்கி அரை மணித்தியாலம். அதற்குப் பெயர் புது நேரம். கிளிநொச்சியும் மல்லாவியும் அடங்கின வன்னியில் அப்போது இயக்கத்தின், அதாவது புலிகளின் ஆட்சி, அவர்கள் அதை ஏற்கவில்லை. நாங்கள் பழைய நேரத்திலேயே இருந்தோம், அரசாங்கத்தின் கையிலிருந்த வவுனியாவும் செட்டிகுளமும் புது நேரத்துக்குப் போயின. மிச்சம் பிடிக்க எங்களிடம் மின்சாரம் என்று ஒன்று இருக்கவும் இல்லை. பத்து வருடம் கழித்து அரசாங்கம் தன் மணிக்கூட்டைப் பின்னுக்கு இழுத்து, நாங்கள் அதுவரை நின்ற இடத்துக்கே வந்து சேர்ந்தது. அதற்காக ஒருவரும் எங்களிடம் வந்து நீங்கள் சொன்னது சரி என்று சொல்லவில்லை.

சமாதான காலத்தில் அப்பாவோடு பஸ்ஸில் வவுனியாவுக்குப் போனது எனக்குக் கொஞ்சம் நினைவிருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் நடுவிலிருந்த ஓமந்தைச் சோதனைச்சாவடியில் எல்லாரும் இறங்கி, சாமான்களைத் திறந்து காட்டி, மறுபக்கம் போய் ஏறுவோம். ஏறினவுடன் பெரியவர்கள் எல்லாரும் கையைத் திருப்பி மணிக்கூட்டின் திருகைப் பிடித்துச் சுற்றுவார்கள். அப்பாவும் சுற்றுவார். ஒரு நாட்டுக்குள் அரை மணித்தியாலத்தைச் சுமந்துகொண்டு போய்வந்த சனம் நாங்கள். எங்கேயாவது போக வேண்டுமென்றால் முதல் கேள்வியே பழைய நேரமா புது நேரமா என்பதுதான். இருபது வருடத்துக்குள் ஒருவருக்கும் அது நினைவில்லாமல் போய்விட்டது.

ஒரு லீவு நாளில் அம்மாவையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் போனேன், மாப்பிள்ளை வீட்டார் குறிப்புப் பார்த்த சாத்திரியாரைப் பார்க்க. விறாந்தையில் மேசை போட்டு, மடிக்கணினி வைத்திருந்தார். வெள்ளை வேட்டி, நல்ல மரியாதையான மனிதர். அம்மா கொடுத்த நேரத்தையும் திகதியையும் மறுபடி அடித்துக் காட்டினார். கும்ப லக்கினம். ஏழில் செவ்வாய் சிவப்பு எழுத்தில் நின்றது.

"ஐயா, அம்மா பழைய நேரம் எண்டு சொன்னவா" என்றேன்.

"ஓம் பிள்ளை, அவையும் சொன்னவை. பழைய நேரம்தானே, பிரச்சினை இல்லை. அந்த வருசங்களில அரை மணித்தியாலம் கூட ஓடினது. கொம்பியூட்டர் தானாவே அதைக் கழிச்சுப்போடும்."

எனக்கு விளங்கிவிட்டது. அவர் வவுனியா டவுண்காரர். அவருக்குப் பழைய நேரம் என்றால் அரசாங்கம் கைவிட்ட நேரம், அதாவது எங்களுடைய புது நேரம். எங்களுக்குப் பழைய நேரம் என்றால் ஒரு நாளும் மாறாத நேரம். ஒரே சொல்லைச் சொல்லி இரண்டு பேரும் தலையாட்டியிருக்கிறார்கள். கணினியும் கொழும்புக் கணக்கை எடுத்து, ஓடாத அரை மணித்தியாலத்தை அக்காவிடமிருந்து கழித்துப்போட்டது.

"ஐயா, மல்லாவியில அந்த நேரம் ஓடேல்ல. அங்கை கழிக்கக் கூடாது."

அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "மல்லாவி இலங்கைக்குள்ளதானே பிள்ளை கிடக்கு?"

நக்கலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா என் கையைப் பிடித்து அமர்த்திவிட்டு, சோதனைச்சாவடியையும் மணிக்கூடு சுற்றினதையும் அவருக்கு ஆறுதலாகச் சொன்னார். சாத்திரியார் நாடியைத் தடவியபடி கேட்டார். அவருக்கும் எங்கேயோ நினைவு வந்திருக்க வேண்டும்.

"சரி, அப்ப அந்தக் கணத்தில வவுனியாவில என்ன நேரம்?" என்று கேட்டார்.

"ஐஞ்சு ஐம்பத்தைஞ்சு" என்றேன்.

அடித்தார். மீன லக்கினம். செவ்வாய் ஆறாம் வீட்டில் கறுப்பு எழுத்தில் சாதுவாக இருந்தது. அம்மா கண்ணைத் துடைத்தார். அப்பா வாசித்துக் காட்டிய குறிப்பு அப்படியே திரையில் நின்றது. சாத்திரியார் கதிரையில் சாய்ந்துகொண்டு, "எனக்கு இது சரிதான். ஆனா அவைக்கு நான் ஐஞ்சு இருபத்தைஞ்சு எண்டு எழுதிக் குடுத்திட்டன். பெண் பகுதி வந்து சொல்லித்தான் மாத்தினது எண்டால் என்ர பேரும் கெடும். நீங்களே அவையிட்டப் போய் விளக்கமாக் கதையுங்கோ" என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. வருகிற ஞாயிறு செட்டிகுளத்துக்குப் போவதென்று முடிவெடுத்துக்கொண்டு வந்தோம்.

அடுத்த நாள் அலுவலகத்தில் அந்த உலகப் பொதுக் கோப்பைத் திறந்து கொழும்பு என்ற இடத்தைத் தேடினேன். மாப்பிள்ளையின் தாய்க்குக் காட்டுவதற்கு வன்னிக்கு வெளியே எழுதப்பட்ட ஒரு சாட்சி வேண்டும் என்று நினைத்தேன். இருந்தது. வடக்கில் இயக்கம் இந்த மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தது என்ற செய்தியை யாரோ வேலைமினக்கெட்டு அதில் சேர்த்து வைத்திருந்தார்கள். எனக்கு முதலில் சந்தோசமாக இருந்தது. பிறகு வரியின் தொடக்கத்தைப் பார்த்தேன். அது குறிப்பு வரி. எங்கள் தொழிலில் குறிப்பு என்றால் மனிதர்கள் வாசிப்பதற்காக எழுதி வைப்பது. கணினி அந்த வரிக்கு வந்தால் வாசிக்காமல் தாண்டிப் போய்விடும். அப்படித் தாண்டிப் போவதற்கென்றே அதற்கு முன்னால் ஓர் அடையாளம் போடுவார்கள்.

பத்து வருடம் நாங்கள் எழும்பினதும் படுத்ததும், பிள்ளை பெற்றதும் செத்ததும் அந்த ஒரு குறிப்பு வரிக்குள் கிடந்தது. பொய் என்று ஒருவரும் சொல்லவில்லை. தெரியாது என்றும் சொல்லவில்லை. எழுதி வைத்துவிட்டுக் கணக்கில் மட்டும் சேர்க்கவில்லை. பக்கத்து மேசைக்காரி என்ன முகம் கறுத்துப்போச்சு என்று கேட்டாள், வெயில் என்றேன். அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் ஞாயிறுக்கு முதல் சனிக்கிழமை இருந்தது. மாமாவும் இருந்தார்.

வெள்ளிக்கிழமை முழுக்க அவர் யோசித்திருக்கிறார். சனி காலமை எங்களுக்குச் சொல்லாமல் மாப்பிள்ளையின் தாய்க்குப் போன் எடுத்திருக்கிறார். பின்னேரம் வந்து, வேலை முடிந்தது என்கிற முகத்தோடு கதிரையில் இருந்தார்.

"கதைச்சிட்டன். நேரம் மாறிச் சொல்லுப்பட்டுட்டுது, ஐஞ்சு ஐம்பத்தைஞ்சுதான் சரி எண்டு சொன்னனான். திரும்பப் பாக்கச் சொல்லியிருக்கிறன்."

"பழைய நேரம், புது நேரம் எண்டு சொன்னீங்களோ மாமா?"

"இல்லை."

"ஏன் சொல்லேல்ல?"

மாமா வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். எங்கள் வளவுக்குள் மூன்று பேரும் ஒரு நாயும்தான் இருந்தோம். "அதைச் சொல்லப்போனால் யார்ற நேரம், ஆர் வைச்ச நேரம் எண்டு இயக்கக் கதை வரும். அதுகள் அந்தப் பக்கத்துச் சனம். பிறகு நீங்கள் எங்கை இருந்தனீங்கள், ஆர் ஆர் அதில இருந்தவை எண்டு கிண்டுவினம். கலியாணக் கதைக்குள்ள அந்தக் கதை என்னத்துக்கு?"

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது, கத்தினேன். மொட்டை நேரத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. "ஐஞ்சு ஐம்பத்தைஞ்சு எண்டு நீதானே சொன்னனி?" என்றார். நான் சொன்னேன்தான். வவுனியாவில் ஐந்து ஐம்பத்தைந்து, மல்லாவியில் ஐந்து இருபத்தைந்து என்று சொன்னேன். அவர் ஊர்களைக் கழற்றி வைத்துவிட்டு நேரத்தை மட்டும் கொண்டு போயிருக்கிறார். அவரைக் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை. சண்டைக்குப் பிறகு எந்தக் கேள்விக்கும் ஊரைக் கழற்றிவிட்டுப் பதில் சொல்லித்தான் இந்தச் சனம் உயிரோடு இருக்கிறது. நானும் கொழும்பில் நேர்முகத்துக்குப் போன இடத்தில் பிறந்த ஊர் எது என்று கேட்டபோது யாழ்ப்பாணம் என்று சொன்னவள்தான். ஆனால் அன்றைக்கு மாமாவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, அம்மாதான் ஊற்றினார்.

ஞாயிறு நானும் அம்மாவும் மட்டும் செட்டிகுளம் போனோம். சண்டை முடிந்தவுடன் எங்களை முள்ளுக்கம்பிக்குள் வைத்திருந்தது அந்தப் பக்கத்தில்தான். பஸ் அந்த வெளியைத் தாண்டும்போது அம்மா மடியிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஊரில் எங்களுக்கு ஒரு காலத்தில் கூடாரம் இருந்தது, இனி ஒரு சம்பந்தி வீடு இருக்கப் போகிறது என்று பகிடி விட வாய் வந்தது. விடவில்லை.

மாப்பிள்ளையின் தாய் எங்களை மரியாதையாக இருத்தினார். தேத்தண்ணியும் பயற்றம்பணியாரமும் வந்தன. மாப்பிள்ளை வீட்டில் இல்லை, வேலைத்தளத்தில் என்றார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். இயக்கத்தையும் சொன்னேன், ஓமந்தையையும் சொன்னேன், சாத்திரியார் எந்தப் பழைய நேரத்தை எடுத்தார் என்பதையும் சொன்னேன். போனை நீட்டி அந்தக் குறிப்பு வரியைக் காட்டி வாசித்து மொழிபெயர்த்தும் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பணிவாக நான் ஒருவருக்கும் விளங்கப்படுத்தியதில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக்கூட இல்லை.

அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "எனக்கும் ஞாபகம் இருக்கு பிள்ளை. நாங்களும் மணிக்கூட்டை மாத்தினனாங்கள்" என்றார். அம்மாவின் முகம் தெளிந்தது.

"ஆனா முதல் ஐஞ்சு இருபத்தைஞ்சு எண்டியள். செவ்வாய் எண்டு சொன்ன பிறகு ஐஞ்சு ஐம்பத்தைஞ்சு, முதல் சொன்னது பிழை எண்டு உங்கட தம்பி சொன்னார். இப்ப வந்து ரெண்டும் சரி எண்டுறியள். நான் எதை நம்புறது? பிறந்த நேரத்தையே மாத்திற ஆக்கள் எண்டு நாளைக்கு என்ர சனம் கதைக்கும். எனக்கு ஒரே ஒரு மகன்."

இருபத்தெட்டு வருடமாக அம்மா ஒரு நிமிடமும் மாற்றாமல் மனதில் வைத்திருந்த நேரம் அது. அந்த மணிக்கூட்டைப் பார்த்தவர்களில் மிஞ்சியிருப்பது அவர் மட்டும்தான். அவரைப் பார்த்து நேரம் மாற்றுகிறவள் என்று ஒருத்தி பணியாரத் தட்டோடு சொல்லுகிறாள். நான் எழும்பினேன். அம்மா தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கவனமாக வைத்து, வாறம் என்று சொல்லிவிட்டுத்தான் எழும்பினார். எனக்கு அந்த மரியாதை மேலேயே கோபம் வந்தது.

அக்காவிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் கேட்டுவிட்டு, கணக்கை ஒரு தரம் சொல் என்றாள். குழப்பமில்லாமல் சொன்னேன். ஒரு கணம், இரண்டு ஊர், இரண்டு மணிக்கூடு. அவள் தலையாட்டினாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாலு வருடத்தில் என் வேலையை முதல் தரத்திலேயே விளங்கிக்கொண்ட ஆள் அவள்.

இரண்டு நாள் கழித்துப் பின்னேரம் மாப்பிள்ளை போன் எடுத்தார். அக்கா போனைக் கொண்டு முருங்கைக்குக் கீழே போகவில்லை. குசினி வாசலிலேயே, நாங்கள் நிற்கும்போதே, சத்தத்தைக் கூட்டிவிட்டு மேசையில் வைத்தாள். அவருடைய குரல் நல்ல குரல்தான். தனக்கு இந்தச் சாத்திரம் ஒன்றும் பெரிதில்லை என்றார். தன் அம்மாவைச் சமாளிக்க வேண்டியிருக்கு என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒண்டு கேப்பன், கோவிக்கக் கூடாது. எனக்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கோ. ஐஞ்சு இருபத்தைஞ்சோ, ஐஞ்சு ஐம்பத்தைஞ்சோ?" என்றார்.

எனக்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கோ. அவ்வளவு நாள் கதைத்த மனிதர்.

நான் அக்காவைப் பார்த்து விரலால் ஐந்து இருபத்தைந்து என்று காட்டினேன். ஏதோ ஒன்றைச் சொல்லட்டும், பிறகு பார்ப்போம் என்று. அம்மா அகப்பையை வைத்துவிட்டு நின்றார். ஒன்றைச் சொன்னால் மற்றது பொய்யாகிவிடும், மாமாவோ அம்மாவோ யாரோ ஒருவர் பொய்யராகிவிடுவார், ஆனால் கலியாணம் நடந்தாலும் நடக்கும். அக்காவுக்கும் அது தெரிந்தது.

"ரெண்டும்" என்றாள்.

அவர் மெல்லச் சிரித்தார். பகிடி என்று எடுத்தாரோ, மழுப்புகிறாள் என்று எடுத்தாரோ தெரியாது. "சரி, நான் பிறகு எடுக்கிறன்" என்றார். எடுக்கவில்லை. அடுத்த மாதம் வேறு இடத்தில் அவருக்கு முடிவாகிவிட்டதாகத் தரகர் வந்து சொன்னார்.

தரகர் போன பிறகு அக்கா கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். நான் கிட்டப் போய் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"ரெண்டும் சரிதானேயடி?"

"ஓம் அக்கா. ரெண்டும் சரி."

"அப்ப ஏன் எனக்கு ஒண்டும் சரிவரேல்ல?"